பயணத் தலைவர் திரு. கருப்பட்டி

ஒரு காட்டில், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மூடிப்போன பெட்ரோல் பங்குக்கும் நடுவில் இருந்த ஒரு பொந்தில், குத்தாலம் என்ற உடும்பும் அவன் மனைவி ஆவுடைத்தங்கமும் பதினாறு வருஷமாகக் குடித்தனம் செய்து வந்தார்கள். அவர்களிடம் எட்டு வருஷமாகக் கருப்பட்டி என்று ஒரு நாய் இருந்தது. உடும்பு போய் நாய் வளர்க்குமா என்று கேட்கிறவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிட்டுச் செய்தித்தாள் படிக்கலாம். அதில் இதைவிட நம்ப முடியாததெல்லாம் வருகிறது.

உடும்பு என்றால் பிடி. பிடித்தால் விடாது. குத்தாலமும் தங்கமும் அந்தக் குலப்பெருமைக்குக் குறை வைக்கவில்லை. கல்யாணத்தில் யார் வீட்டு ஆட்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பதை அவன் பிடித்துக்கொண்டிருந்தான். தலைதீபாவளிக்கு எடுத்த சேலையின் நிறத்தை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் மிக்ஸி ஜாரின் மூடி காணாமல் போனது. தொலைத்தது யார் என்பதில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க, அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. நேர்ப்பேச்சுதான் நின்றது, மற்றபடி எல்லாம் நாய் வழியாக நடந்தது.

"கருப்பட்டி, உங்க ஐயாட்ட சொல்லு, காப்பி ஆறுது."

"கருப்பட்டி, உங்க அம்மாட்ட சொல்லு, ஆறட்டும்."

நாய் இந்தப் பக்கம் ஒரு தடவையும் அந்தப் பக்கம் ஒரு தடவையும் தலையைத் திருப்பும். அதற்கும் பேச வரும். நடுவில் புகுந்து பேச இடைவெளி கிடைத்ததில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் பிரிந்துவிடுவது என்று முடிவானது. குடும்பநல மன்றத்தில் நாரையம்மா முன்னால் போய் நின்றார்கள். பொந்தின் மேல்பாதி அவனுக்கு, கீழ்பாதி அவளுக்கு. குக்கர் அவளுக்கு, மூடியில்லாத மிக்ஸி அவனுக்கு. எல்லாம் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. நாய் யாருக்கு என்று நாரையம்மா கேட்டதும் இருவரும் ஒரே குரலில் "எனக்குத்தான்" என்றார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் சேர்ந்து பேசிய ஒரே வார்த்தை அதுதான். அதன் பிறகு நான்கு வாய்தா ஓடியது.

குத்தாலத்துக்கு அந்த நாய் ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்று கேட்டால் அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து வருகிற ஒரே ஜீவன் அதுதான். நாயும் இல்லாமல் அந்த மேல்பாதிப் பொந்தில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அவனுக்குப் பயமாக இருந்தது. தங்கத்துக்கும் கீழ்பாதியை நினைத்து அதே பயம்தான். அதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு வழியில்லை. நாய் அதைச் சொல்லவில்லை.

நாரை ஒற்றைக்காலில் நிற்கிற பிராணி. கால் கடுத்தால் வாயில் வந்ததைத் தீர்ப்பாகச் சொல்லும். ஐந்தாவது வாய்தாவில் அதுதான் நடந்தது.

"ரெண்டு பேரும் நாயைக் கூட்டிக்கிட்டு ஒரு நீண்ட பயணம் போயிட்டு வாங்க. தெற்குக் கோடியில கிளம்பி வடக்குக் கோடி வரைக்கும். முடியிற இடத்துல நாய் யார் பின்னாடி போகுதோ அவங்களுக்கு நாய். அங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. நான் பிரிச்சு விட்டுடறேன்."

வடக்குக் கோடியில் எங்கே போவது? "கருப்பட்டி, பனிக்காடுன்னு ஒண்ணு இருக்காம், பூரா வெள்ளையா இருக்குமாம்," என்றான் குத்தாலம். "கருப்பட்டி, எனக்கும் சம்மதம்னு சொல்லு," என்றாள் தங்கம். இரண்டு பேருமே செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்து வாய் பிளந்தவர்கள். உடும்பு குளிர்ரத்தப் பிராணி என்று குத்தாலம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறான். இரண்டு மார்க் கேள்வி. மார்க்குக்காகப் படித்ததால் அது தன்னைப் பற்றிய விஷயம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஆளுக்கொரு ஸ்வெட்டரும், குரங்குகளே போடாத குரங்குக் குல்லாயும் வாங்கிக்கொண்டார்கள்.

காரில் நாய் பின்சீட்டில். முன்சீட்டில் இரண்டு தலையணைமேல் ஏறி உட்கார்ந்தால்தான் குத்தாலத்துக்குச் சாலை தெரியும். தங்கம் தன் பையில் ரகசியமாக நெத்திலிக் கருவாடு எடுத்து வந்திருந்தாள். அவன் தன் பையில் ரகசியமாக டீக்கடைப் பொறை ஒரு மூட்டை எடுத்து வந்திருந்தான். காட்டில் எந்த நாயைக் கேட்டாலும் பொறையை வேண்டாம் என்று சொல்லாது. அவள் தூங்கும்போது அவன் ஒரு பொறையைப் பின்னால் நீட்டுவான். அவன் டீ குடிக்க இறங்கும்போது அவள் ஒரு நெத்திலி நீட்டுவாள். நாய் மூன்றாம் நாளில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

செல்போனுக்குள் ஒரு மைனா உட்கார்ந்து வழி சொன்னது. "முந்நூறு அடியில் இடப்பக்கம் திரும்பவும்," என்று அது சொன்னால், "கருப்பட்டி, வலப்பக்கம்தான் குறுக்கு வழின்னு சொல்லு," என்பாள் தங்கம். குத்தாலம் இரண்டு பேச்சையும் கேட்காமல் நேராகப் போவான். இப்படிப் போனதில் நான்கு நாளில் போக வேண்டிய தூரத்தை ஏழு நாளில் போய், மூங்கில்காட்டு எல்லைச் சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்தார்கள். கதை சொல்கிறவனும் வழி கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற ஆள்தான் என்பதால் இதைப் பற்றி மேலே ஒன்றும் சொல்வதற்கில்லை.

சாவடிக் கவுண்டரில் ஒரு ஓணான் இருந்தது. வெளியே லாரி ஓட்டி வந்த காட்டெருமைகள், ஆம்னி பஸ்ஸில் வந்த மான்கள் என்று வரிசை வளைந்து நின்றது. ஓணான் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டும். ஆட்டிக்கொண்டே "முடியாது" என்று சொல்லும். புதிதாக வருகிறவர்கள் தலையைப் பார்த்து நம்பிக் கெட்டுப்போவார்கள்.

"பயணத் தலைவர் பேரு?"

"குத்தாலம்," என்றான் குத்தாலம்.

"கூட வர்ற வளர்ப்புப் பிராணி உண்டா?"

"உண்டு. ஒரு நாய்."

ஓணான் 'உண்டு' என்று தட்டியது. "உரிமையாளர் பேருல தலைவர் பேரு தானா ஏறிக்கும். கம்ப்யூட்டர் அப்படி. குத்தாலம்னு போட்டுடறேன்."

தங்கத்தின் நாக்கு சரேலென்று வெளியே வந்து உள்ளே போனது. "கருப்பட்டி, அதெல்லாம் நடக்காதுன்னு சொல்லு. தலைவர்னு என் பேரப் போடச் சொல்லு."

"கருப்பட்டி, அப்பம் நாய் அவ பேருக்குல்லா போயிரும். முடியாதுன்னு சொல்லு."

நாய் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பியது. ஓணான் தலையை ஆட்டியது. பின்னால் நின்ற காட்டெருமை ஒன்று ஹாரன் அடித்தது. ஒரு மணி நேரம் கழித்து வரிசை கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு நீண்டிருந்தது. சோதனைச் சாவடி என்று ஒன்று ஏற்பட்ட பிறகு அங்கே உண்மையிலேயே சோதனை அனுபவித்தது அன்றைக்கு ஓணான்தான்.

அப்போது குத்தாலத்துக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வருவது குறைவு. வந்தால் வீட்டில் எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள். "கருப்பட்டி, தலைவர்ங்கற எடத்துல உன் பேரயே போட்டா என்னன்னு உங்க அம்மாட்ட கேளு. எனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல."

தங்கம் யோசித்துப் பார்த்தாள். அவன் ஜெயிக்கவில்லை என்பது உறுதியானதும், "கருப்பட்டி, சரின்னு சொல்லு," என்றாள்.

ஓணான் தட்டியது. பயணத் தலைவர்: திரு. கருப்பட்டி. உரிமையாளர்: திரு. கருப்பட்டி. "உங்க ரெண்டு பேரையும் சார்ந்தவர்னு போட்டா கல்யாணச் சான்றிதழ் கேக்குது. இருக்கா?"

சான்றிதழ் நாரையம்மாவின் மேஜையில் விவாகரத்துக் கட்டுக்குள் இருந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம்," என்றது ஓணான். "வளர்ப்புப் பிராணி உண்டுன்னு ஏற்கெனவே தட்டியாச்சு. அழிக்க முடியாது. அந்தக் கட்டத்துல எதையாவது நிரப்பியே ஆகணும். அதுல உங்களைப் போட்டுடறேன். அதுக்கு எந்தச் சான்றிதழும் கேக்காது."

வளர்ப்புப் பிராணி: உடும்பு. எண்ணிக்கை: 2.

காகிதத்தில் என்ன இருக்கிறது, யார் படிக்கப் போகிறார்கள் என்று குத்தாலம் நினைத்தான். வெளியே வரும்போது இருவருக்கும் முகத்தில் சந்தோஷம். தான் தோற்கவில்லை என்ற சந்தோஷம் அவளுக்கு, அவள் ஜெயிக்கவில்லை என்ற சந்தோஷம் அவனுக்கு.

காகிதத்தைப் படிக்கிறவர் அறுபது கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டிருந்தார். போக்குவரத்துப் பிரிவில் இருந்த ஒரு மந்தி. அது அனுமதிச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கைத்தடியால் காரைத் தட்டியது.

"வளர்ப்புப் பிராணி வண்டி ஓட்டுதா? சட்டம் தெரியுமா? ரெண்டும் பின்னாடி போங்க. கயிறு எங்க? கயிறு இல்லாம பொதுச் சாலையில கூட்டிட்டு வரக் கூடாது." பிறகு பின்சீட்டைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டது. "சார், நீங்க முன்னாடி வாங்க. அடுத்த தடவ கொஞ்சம் கவனமா இருங்க சார்."

கருப்பட்டி இறங்கி வந்து முன்கதவைத் திறந்தது. எட்டு வருஷத்தில் முதல்முறையாக யாரும் குறுக்கே பேசாததால் அதற்கு வாய் திறக்க இடம் கிடைத்தது.

"ஐயா, கொஞ்சம் பின்னால போய் உக்காருதீயளா?"

இனிமேல் இந்தக் கதையில் கருப்பட்டியை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். பதவி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

நாய் பேசியதுகூடக் குத்தாலத்துக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தலையணை இரண்டையும் எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, ரியர்வியூ கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்தாரே, அதுதான் சுருக்கென்று குத்தியது. அவர் நன்றாகவே ஓட்டினார். எட்டு வருஷமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து, எப்படியெல்லாம் ஓட்டக் கூடாது என்று படித்தவர். மைனா சொன்ன இடத்தில் திரும்பினார். குத்தாலம் ஏழு நாளில் ஓட்டுகிற தூரத்தை இரண்டு நாளில் கடந்தார்கள்.

அடுத்த சாவடியில் உடும்புகள் இரண்டுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார்கள். வளர்ப்புப் பிராணி என்றால் கட்டாயம். ஊசி போட்ட காட்டுப்பன்றி, "கடிக்குமா?" என்று கேட்டது. "ஒண்ணை ஒண்ணு மட்டும்தான்," என்றார் கருப்பட்டி. இருவர் கழுத்திலும் எண் போட்ட தகர வில்லையை மாட்டிவிட்டார்கள். தங்கத்தின் எண்ணுக்கு முன்னால் தன் எண் வந்திருப்பதைக் குத்தாலம் கவனித்தான். வழக்கமாக இருந்தால் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பான். அன்றைக்கு ஏனோ வாய் வரவில்லை.

மதியம் ஒரு சாலையோர ஹோட்டலில் கார் நின்றது. வாசலில் 'வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. கருப்பட்டி இருவரையும் ஒரே கயிற்றில் நாவல் மரத்தில் கட்டிவிட்டு, "இங்கயே இருங்க, சத்தம் போடக் கூடாது, உக்காருங்க," என்றார். உட்கார்ந்த பிறகுதான், உட்கார்ந்துவிட்டோமே என்று குத்தாலத்துக்கு உறைத்தது.

கண்ணாடி வழியாக அவர் இலை போட்டுச் சாப்பிடுவது தெரிந்தது. சாம்பார், ரசம், கூட்டு, அப்பளம். நிதானமாகச் சாப்பிட்டார். சர்வராக இருந்த கீரி குனிந்து குனிந்து பரிமாறியது.

"பாத்தீயளா?" என்றாள் தங்கம்.

குத்தாலம் சுற்றுமுற்றும் பார்த்தான். கருப்பட்டி உள்ளே இருந்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அப்படியானால் அது தன்னிடம் கேட்ட கேள்வி என்று புரிய அவனுக்கு ஒரு நிமிஷம் ஆனது.

"என்னத்த?" என்றான்.

"நம்மள ஒரு வார்த்த, சாப்பிடுதீயளான்னு கேட்டானா? எட்டு வருஷமா எடுத்து வச்ச கை இது."

"கேக்கலயே."

"எப்படிக் கேப்பான்? பதவி வந்துட்டுல்லா."

"அந்தக் கண்ணாடியத் திருப்பி வச்சாம் பாரு, அப்பவே எனக்குத் தெரியும்."

"அதத்தான் நானும் நெனச்சேன்," என்றாள் தங்கம்.

அதைத்தான் நானும் நினைத்தேன். பதினாறு வருஷத்தில் அவன் கேட்காத வாக்கியம் அது. அவள் வேறு யாரையோ குறை சொல்கிறாள். தன்னைக் கூட வைத்துக்கொண்டு சொல்கிறாள். குத்தாலத்துக்கு வெயிலில் சுடுபாறைமேல் படுத்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்று ஏங்கினான். அவனும் எடுத்துக் கொடுத்தான். நாய் குறட்டை விடுவதைச் சொன்னான், மழை நாளில் வருகிற வாடையைச் சொன்னான். அவள் நாய் தன் செருப்பைக் கடித்த பழைய கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கருப்பட்டி பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்து முடிக்கும் வரைக்கும் பேச்சு ஓயவில்லை.

வெளியே வந்தவர் குத்தாலத்தின் பையைத் திறந்து ஒரு பொறையை எடுத்து இரண்டாக உடைத்தார். ஒரு பாதியைத் தங்கத்திடம் கொடுத்தார். இன்னொரு பாதியை மேலே வீசினார். குத்தாலம் எம்பி வாயாலேயே பிடித்துவிட்டான். "நல்ல பிள்ளை," என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத் தன் வால் ஏன் அப்படி ஆடியது என்று அவன் அன்று சாயங்காலம் வரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் பயணம் நன்றாகவே போனது. பின்சீட்டு ஜன்னலில் தலையை வெளியே நீட்டி நாக்கைத் தொங்கப் போட்டால் காற்று சுகமாக இருந்தது. நாய்கள் ஏன் அப்படிச் செய்கின்றன என்பது இருவருக்கும் விளங்கியது. காற்று வாங்குவதும், தலையை உள்ளே இழுத்து நாயைப் பற்றிக் குசுகுசுவென்று பேசுவதுமாகச் சமவெளி கடந்து, மலை ஏறத் தொடங்கினார்கள்.

குளிர் வந்தது. முதலில் குத்தாலத்துக்கு வால் மரத்தது. ஸ்வெட்டரை இழுத்து மூடினான். உடம்பிலேயே சூடு இல்லாதவனுக்கு ஸ்வெட்டர் எதைக் காக்கும்? உள்ளே இருந்த குளிரைத்தான் பத்திரமாகக் காத்தது. அந்த இரண்டு மார்க் கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது. தங்கத்திடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். வாய் பாதியில் நின்றுவிட்டது. கை மரத்துப்போகும் முன் எதையாவது பிடித்துக்கொள்வோம் என்று துழாவி, கிடைத்ததைப் பிடித்தான். தங்கத்தின் கை கிடைத்தது. அவளும் எதையோ தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிடித்துக்கொண்டாள். அதோடு இரண்டு பேரும் விறைத்துவிட்டார்கள். கண் தெரிந்தது, காது கேட்டது, மற்ற எதுவும் அசையவில்லை.

பனிக்காட்டு எல்லை அலுவலகத்தில் கருப்பட்டி இருவரையும் குல்லாயோடு தூக்கிக் கவுண்டரின்மேல் வைத்தார். உள்ளே ஒரு கவரிமா இருந்தது. ஒரு மயிர் உதிர்ந்தாலும் மானம் போச்சென்று விடுப்பில் போகிற இனம். அன்று அதிர்ஷ்டவசமாக எதுவும் உதிரவில்லை. அது ஏட்டில் இருப்பதை அப்படியே பேசும்.

"ஐயா, இப்பகுதியில் தலைவர் ஒருவருக்கு வளர்ப்புப் பிராணி ஒன்று மட்டுமே அனுமதிக்கப்படும். திரும்பிச் செல்வதற்கும் அதுவே விதி. தாங்கள் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மற்றதைக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். நன்கு பராமரிக்கப்படும். வாரம் ஒரு முட்டை வழங்கப்படும். எது தங்களுக்கு வேண்டும்?"

இதற்காகத்தான் கிளம்பி வந்தார்கள். பயணம் முடிகிற இடத்தில் நாய் யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் கேள்வி. கேள்வி அப்படியே இருந்தது. கேட்கப்படுகிற இடம்தான் மாறிவிட்டது.

குத்தாலம் மனசுக்குள் தன் பக்கத்து நியாயங்களை அடுக்கினான். எத்தனை பொறை கொடுத்திருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோது யார் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனது? நிச்சயம் என்னைத்தான் சொல்லும். சொன்னால் தங்கம் இங்கே கம்பிக்குள், வாரம் ஒரு முட்டையோடு. அவளைச் சொன்னால் நான் இங்கே. இரண்டுமே அவனுக்குப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், தான் காப்பகத்தில் இருப்பது கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் இல்லாமல் வீட்டுக்குப் போய், நாயைப் பற்றி யாரிடம் புறம் பேசுவது என்று நினைத்தான். விறைத்த கண்ணில் தண்ணீர் வந்து பாதியில் உறைந்தது.

கருப்பட்டி இந்தப் பக்கம் ஒரு தடவையும் அந்தப் பக்கம் ஒரு தடவையும் தலையைத் திருப்பினார்.

"ரெண்டு பேர்ல யாரப் பிடிக்கும், யாரப் பிடிக்கும்னு எட்டு வருஷமா என்ட்ட கேட்டுக்கிட்டிருக்காங்க," என்றார். "உண்மையச் சொல்லுதேன். தனித்தனியா ரெண்டு பேரையுமே என்னால தாங்க முடியாது. ஒருத்தரக் கூட்டிட்டுப் போனா அவங்க பேசுதது பூராவும் என் காதுலதான் விழும். ரெண்டு பேரும் இருந்தா அவங்களுக்குள்ளேயே பேசிக்கிடுவாங்க. அன்னைக்கு ஹோட்டல்லதான் எட்டு வருஷத்துல முத தடவையா நான் நிம்மதியாச் சாப்பிட்டேன். ரெண்டும் வேணும்."

"விதியில் இடமில்லை," என்றது கவரிமா.

"அப்பம் ஒண்ணாக் கணக்கு வச்சுக்கிடுங்க. வேணும்னா பிரிச்சுப் பாருங்க."

காவலுக்கு நின்ற மலையாடுகள் இரண்டும் வந்தன. ஒன்று குத்தாலத்தின் இடுப்பையும் மற்றது தங்கத்தின் இடுப்பையும் பிடித்து இழுத்தன. பிடித்த கை பிடித்தபடி இருந்தது. காலை உதைத்துக்கொண்டு இழுத்தன. கவுண்டர்தான் நகர்ந்தது. மூன்றாம் தடவை குனிந்து இழுத்ததில் ஒரு ஆட்டின் தாடி தங்கத்தின் இன்னொரு கை நகத்துக்குள் மாட்டிக்கொண்டது.

"உடும்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், என் தாடிய விட்டாப் போதும்," என்றது ஆடு.

கவரிமா ஏட்டைப் புரட்டியது. பிரிக்க இயலாத பொருள் ஒன்றாகவே கருதப்படும் என்று சரக்கு லாரிகளுக்காக எழுதிய ஒரு விதி கிடைத்தது. உடும்பு, ஜோடி, எண்ணிக்கை: 1. பிரித்தல் தடை செய்யப்பட்டது. அனுமதிச் சீட்டில் ஒரு முத்திரை, இரண்டு தகர வில்லைகளிலும் ஒவ்வொரு முத்திரை என்று மூன்று விழுந்தது.

தனித்தனியாகத் தாங்க முடியாது என்று நாய் சொன்னது குத்தாலத்துக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அவமானத்தில் சரிபாதி தங்கத்துக்கும் சேர்ந்ததால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

திரும்பி வரும் வழியில் மலையடிவாரத்தில் வெயில் பட்டதும் இருவருக்கும் உடம்பு இளகியது. இப்போது கையை விடலாம். முதலில் நான் விட்டால், நீங்கதான் விட்டீங்க என்று இன்னும் பதினாறு வருஷம் சொல்லிக் காட்டுவாள் என்று அவன் பிடித்துக்கொண்டிருந்தான். அவளும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். விடவும் அவனுக்கு மனசில்லை. ஊர் வந்து சேரும்வரை இருவரும் விடவில்லை. இதைக் காதல் என்பதா வீம்பு என்பதா என்று கேட்காதீர்கள். கல்யாணமானவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, ஆகாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

நாரையம்மா அனுமதிச் சீட்டை ஒற்றைக் கண்ணால் படித்தார். "வளர்ப்புப் பிராணி விவாகரத்து மனு போட முடியாதே. உரிமையாளர்தான் போடணும். பிரிக்கத் தடைன்னு முத்திரை வேற இருக்கு," என்று விவாகரத்துக் கட்டை மூடிக் கருப்பட்டியிடம் கொடுத்துவிட்டுக் காலை மாற்றிக்கொண்டார். கருப்பட்டி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். இரண்டு உடும்புகளும் பின்னால் போயின.

இப்போது பொந்தின் மேல்பாதியில் கருப்பட்டி இருக்கிறார். கீழ்பாதியில் அவர்கள் இருவரும். ஒவ்வொரு பங்குனியிலும் வளர்ப்பு உரிமத்தைப் புதுப்பிக்க மூவரும் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்பார்கள். படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும்: இந்தப் பிராணிகளைத் தொடர்ந்து வளர்க்க விருப்பமா? கருப்பட்டி பேனாவை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்ப்பார். கீழே குத்தாலமும் தங்கமும் ஒட்டி உட்கார்ந்து வாலைக்கூட அசைக்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் 'ஆம்' என்று எழுதும்வரை குத்தாலத்துக்கு மூச்சு வராது. எழுதி முடித்து வெளியே வந்ததும், எழுத எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டான் பாத்தியா, இத்தனைக்கும் நாம வளத்த நாய் என்று இருவரும் வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வருவார்கள்.

நீதி: மனமொத்த தம்பதியாக வாழ வராதவர்கள், நல்ல நாய் ஒன்றாகப் பார்த்து அதனிடம் ஜோடியாகச் சேர்ந்துவிடுவது உத்தமம்.